பொட்டுப்பூ மலையேறுன கதை

காலை என் மேல போடாத, பெரியம்மாவுக்குச் சூடு தாங்கல. இப்படித் தள்ளிப் படு. நடுவுல நடுவுல 'ம்' சொல்லணும், கேட்டுக்கோ. சொல்லலன்னா நீ தூங்கிட்டன்னு நான் எழுந்து போயிடுவேன். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் அப்படியே கெடக்கு.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பூ இருந்துச்சு. ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, பூதான். ஊருன்னா நம்ம ஊரு மாதிரி இல்ல. மலைக்கு மேல மலை, அதுக்கு மேல பனி. மரமே மொளைக்காத குளிரு. அங்க தரையோட தரையா ஒட்டிக்கிட்டு, நெத்திப்பொட்டு அளவுக்கு ஒரு பூ. அதனால பொட்டுப்பூன்னு பேரு. அதுக்குக் குளிருன்னா உசுரு. பத்து மாசம் பனியப் போத்திக்கிட்டுத் தூங்கும். வைகாசியில பனி உருகுனா பொசுக்குன்னு கண்ண முழிச்சு, ஒரு வாரம் பூத்துட்டு, விதையப் போட்டுட்டு மறுபடியும் படுத்துரும். குடுத்து வெச்ச ஜென்மம்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கல்யாணம்னா பொட்டுப்பூ பக்கத்துலதான் தாலி கட்டணும். அதுக்கு முன்னாடி அங்கேயே மூணு கல்லு வெச்சு அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவுல சாம்பார் கொதிக்கணும். அந்தப் பொகை பூ மேல படணும். சாம்பார் கொதி வந்தாத்தான் தாலி. யாரு வெச்ச வழக்கம்னு கேக்காத. சாப்பாட்டு மேல ஆசை உள்ளவன் எவனோ வெச்சிருப்பான். பூ வாடுறதுக்குள்ள தாலி ஏறலன்னா நிச்சயம் முறிஞ்சுபோச்சு. அப்புறம் அந்த ரெண்டு வீட்டுக்கும் ஏழு தலைமுறைக்குச் சம்பந்தம் கெடையாது.

"ம்."

அப்போ அந்த ஊர்ல பவுனுன்னு ஒரு பொண்ணு. பக்கத்து வீட்டுச் சடையனத்தான் கட்டிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. சடையன் அதிகம் வாய் பேச மாட்டான், எதைக் கேட்டாலும் 'சரி'ம்பான். அப்படி ஒருத்தன் கெடைக்கிறது லேசா? உங்க பெரியப்பாவ எடுத்துக்கோ... சரி, அது வேற கதை.

வைகாசிக்குப் பத்திரிகை அடிச்சாச்சு. ஆனா அந்த வருஷம் வெயிலு முந்திக்கிச்சு. மாசி மாசமே பனி சொட்டு சொட்டுன்னு உருகி, பூ முழிச்சுக்கிச்சு. ஊர்ப் பெரியவர் முத்தாண்டி ஓடி வந்து, "பூ பூத்துருச்சு, ஒரு வாரந்தான் இருக்கு, கெளம்புங்க"ன்னார். ஊரே திபுதிபுன்னு ஓடுச்சு. பவுனு பாதி பின்னுன சடையோட ஓடுனா.

மொதல்ல ஊருக்கு மேல இருக்கிற மேட்டுக்குப் போனாங்க. பூ அங்கதான் இருந்துச்சு. ஆனா ஏற்கெனவே வேர்த்துக் கொட்டுது அதுக்கு. கீழயிருந்து ஒரு முள்ளுப்புதர் வேற சரக் சரக்குன்னு ஏறி வந்து பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, "கீழ எங்களுக்கே வேகுது, கொஞ்சம் நகருங்க"ன்னு முழங்கையால இடிக்குது. இவங்க என்ன பண்ணாங்க? வழக்கப்படி அடுப்ப மூட்டுனாங்க. பொகை பட்டதும் பூ "ஸ்ஸ்"ன்னுச்சு. அப்புறம் எழுந்திருச்சு, வேர எல்லாம் பொடவைக் கொசுவம் மாதிரி தூக்கிச் செருகிக்கிட்டு, கிடுகிடுன்னு மலையேறிருச்சு.

முத்தாண்டி மூக்கு மேல விரல வெச்சுட்டார். "பூ கோவிச்சுக்கிச்சு. சாம்பார்ல ஏதோ கொறை. பெருங்காயம் கூடப் போடு"ன்னார்.

சிரிக்காத, தூங்கு.

அப்புறம் ரெண்டு நாள் ஏறுனாங்க. அண்டாவக் கம்புல கட்டி எட்டு பேரு தூக்குனாங்க. முத்தாண்டிய நாற்காலியோட நாலு பேரு தூக்குனாங்க. கல்யாணத்துக்கு வந்த ஜனத்துக்குப் பூ எங்க போனா என்ன, பந்தி எப்பன்னுதான் கவலை. பாதி மலையில, போன வருஷம் வரைக்கும் பனி கெடந்த பாறையில, பூ மூச்சு வாங்கிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. தவில்காரர் சந்தோஷத்துல டம டமன்னு அடிச்சார். அந்தச் சத்தத்துல பாறை இடுக்குலயிருந்து ஒரு தேனீ தலைய நீட்டி, "வைகாசியிலதான கல்யாணம்? பத்திரிகையில அப்படித்தான போட்டிருந்துச்சு?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. தேனீ வரலன்னா பூவுக்கு ஏது விதை? பூ அதைப் பார்த்து அழுதுச்சு. அதையும் யாரும் பாக்கல, பவுனு ஒருத்தியத் தவிர.

"அழாத"ன்னா பவுனு.

அதுக்குள்ள இவங்க மறுபடியும் அடுப்ப மூட்டிட்டாங்க. இந்தத் தடவை பெருங்காயம் ரெண்டு கட்டி. பூ "ஸ்ஸ்ஸ்"ன்னுச்சு, கொசுவத்தத் தூக்குச்சு, ஏறிருச்சு. அது போன எடத்துல முள்ளுப்புதர் வந்து ஜம்முன்னு ஒக்காந்துக்கிச்சு. தவில் கைதவறி உருண்டு டம டம டமன்னு ஊரு வரைக்கும் போயிருச்சு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்போ கேளு. ஆறாவது நாள் உச்சிக்குப் போனாங்க. உச்சின்னா எவ்வளவு பெருசுன்ற? ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அதுல பூ. அதுக்குக் கீழ பவுனு, அதுக்குக் கீழ சடையன், அதுக்குக் கீழ ஊரே ஒருத்தர் இடுப்ப ஒருத்தர் புடிச்சுக்கிட்டு வரிசையா தொங்குது. பூவோட இதழு ஓரமெல்லாம் சுருங்கிப்போச்சு. மேல பார்த்துச்சு, வானம். கீழ பார்த்துச்சு, முள்ளுப்புதர் ஏறிக்கிட்டே இருக்கு.

"இனிமே நான் எங்க போறது?"ன்னு பூ கேட்டுச்சு.

பூ செத்தா பவுனுக்குச் சடையன் இல்ல. முத்தாண்டி நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அடுப்ப மூட்டு"ன்னார்.

மூணு கல்லு வெச்சு மூட்டிட்டாங்க. சாம்பார் தளதளன்னு வந்துச்சு. பூ "ஸ்ஸ்"ன்னு கூடச் சொல்லல, அப்படியே தலையத் தொங்கப் போட்டுச்சு. பவுனு பார்த்தா. முந்தானைய இழுத்துச் செருகுனா. அண்டாவ ஒரே தள்ளு. சாம்பார் பூராவும் அடுப்பு மேல ஊத்தி, புஸ்ஸுன்னு நெருப்பு அணைஞ்சு, முருங்கைக்கா எல்லாம் மலையில உருண்டுச்சு.

"ஐயோ முருங்கைக்கா"ன்னு ஊரே அழுதுச்சு.

"அடுப்பு எரியாத கல்யாணம் ஒரு கல்யாணமா?"ன்னார் முத்தாண்டி.

"பூ இல்லாத கல்யாணம் மட்டும் கல்யாணமா?"ன்னா பவுனு. "சடையா, கட்டு."

"சரி"ன்னான். கட்டிட்டான். தவில்காரர் அண்டா மூடியத் தட்டுனார். சில்லுன்னு ஒரு காத்து வந்துச்சு, பூ மெல்லத் தலைய நிமித்திப் பார்த்துச்சு. நல்ல கல்யாணம். நான் போயிருந்தா பவுனுக்கு என் வளையலக் கழட்டிக் குடுத்திருப்பேன்.

அப்புறம் என்னாச்சு, ஜனத்துக்குப் பசி. கல்யாணச் சாப்பாடு போச்சேன்னு பொலம்பிக்கிட்டே எறங்குனாங்க. முத்தாண்டி, "டேய் சடையா, பொண்ணக் கூட்டிக்கிட்டு வாடா"ன்னார். சடையன் பூவப் பார்த்தான், பவுனப் பார்த்தான். "முடியாது"ன்னான். அவன் வாயில அந்த வார்த்தைய ஊரு அன்னிக்குத்தான் கேட்டுச்சு.

ஊருக்குப் போன ஜனம் வீட்டுக்கு வீடு அடுப்ப மூட்டுச்சு. விட்டுப்போன விருந்தாச்சே, ஒரு வீட்டுக்கு மூணு அடுப்பு. சூடு சும்மா இருக்குமா? கீழயிருந்து மேலதான வரும். பூவுக்கு மறுபடியும் வேர்க்க ஆரம்பிச்சுச்சு.

"ம்."

அதனால பவுனும் சடையனும் உச்சியில ஆளுக்கொரு பக்கம் ஒக்காந்து, முந்தானையாலயும் துண்டாலயும் விசிறிக்கிட்டு இருக்காங்க. ஒரு கை வலிச்சா மறு கை. அவ கண்ணசந்தா அவன், அவன் கண்ணசந்தா அவ. புருஷன் பொண்டாட்டியா ஒரு வீட்டுல ஒருநாள்கூட இருந்ததில்ல, பாவம்.

"இன்னுமா?"

இன்னுந்தான். தெனமும் பவுனு கீழ பார்த்துக் கையக் குவிச்சு, "அடுப்ப அணைச்சீங்களா?"ன்னு கத்துறா. கீழயிருந்து ஊரே சேர்ந்து பதில் சொல்லுது, வாய்ல சோத்தோட.

"இதோ, சாப்பிட்டதும் அணைச்சுடுறோம்."

அவ்வளவுதான். மலையும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. கண்ண மூடு.