பவளம் முகம் சுளித்த நோட்டீஸ்

கொம்மடிப்பாறை சுகாதாரக் கமிட்டியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து இருந்த மூளை ஒன்றே ஒன்று. அதையும் தேய்ந்துவிடக் கூடாதென்று யாரும் எடுத்ததில்லை.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பருத்த உடம்புக்காரர்களுக்கென்று ஒரு நோட்டீஸ் எழுதி, கமிட்டித் தலைவர் அருணகிரி கையில் கொடுத்தார். முட்டி வலிக்குப் பயிற்சி, சாப்பாட்டு முறை, வியாழக்கிழமை தோறும் சோதனை, எல்லாம் அதில் இருந்தது.

"மரியாதையா இருக்கணும். பருமனா இருக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுங்க. அவங்க முகம் சுளிக்கிற வார்த்தையை அடிச்சிட்டு அச்சடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியூர் போனார்.

மாவு விற்கிற பவளத்தைக் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் "முதல்ல உடம்பைக் குறை, பிறகு வலியைச் சொல்லு" என்று விரட்டப்பட்டவள் அவள். முட்டி வலியில் மாவு வாளியைத் தூக்க முடியாமல் பிழைப்பே நொண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பயிற்சியைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆசையாக வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெஞ்சு. அதில் மரியாதை எழுதுகிற மூவரும் உட்கார்ந்துகொண்டார்கள். பவளம் நின்றாள்.

மூவரில் தங்கப்பழம் வாசித்தார். "உடல்."

பவளத்துக்கு முட்டி சுரீர் என்றது. முகம் சுளித்தாள்.

"அடியும்வே" என்றார் அருணகிரி. பேனா பிடித்திருந்த காசிலிங்கம் அடித்தார்.

"கீரை."

மறுபடியும் சுரீர்.

"கீரையில என்ன அவமரியாதை?"

"கீரைக்காரி ஏதும் சொல்லியிருப்பா. அடியும்."

"வியாழக்கிழமை."

கால் மாற்றி நின்றாள். அது இன்னும் மோசம்.

"கிழமைக்குக் கூடவா சுளிக்காங்க?"

"யாரோ வியாழக்கிழமை பாத்துத் திட்டியிருக்கான்வே. பாவிப் பய!"

காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாழக்கிழமையை அடித்தார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் பவளம்.

"பேசப்படாது மயினி. மூஞ்சியை மட்டும் காட்டுங்க. டாக்டரம்மா உத்தரவு."

முட்டிப் பயிற்சி வந்தது. "காலை நீட்டி" என்று வாசித்ததும் அவள் ஆவலாக ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அந்த எட்டே வினையாயிற்று. பயிற்சி முழுவதும் போயிற்று. கடைசியில் தாளில் மிஞ்சியது ஒரு முற்றுப்புள்ளி.

மூவரும் அதை உற்றுப் பார்த்தார்கள்.

"மரியாதை முழுசா இருக்கு" என்றார் தங்கப்பழம்.

"பிரயோசனம்தான் கொஞ்சம் கம்மி" என்றார் காசிலிங்கம்.

பவளத்துக்குப் பொறுக்கவில்லை. "முட்டி வலிக்கி அண்ணாச்சி, அதான் சுளிக்கேன்! உங்க நோட்டீஸ் நாசமாப் போக. பவளத்துக்கு ஒரு நாற்காலி போடுங்க!"

வெறும் புள்ளியை எப்படி அச்சடிப்பது? காசிலிங்கம் கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதி வாசித்துக் காட்டினார். நாற்காலி வரப்போகிறது என்று நம்பிப் பவளத்தின் முகம் மலர்ந்தது.

"ஒரு வார்த்தைக்கும் சுளிக்கல!" அருணகிரி துள்ளி எழுந்தார். "ஆயிரம் அடியும்வே!"

அச்சாபீசுக்கு ஓடினார்கள். பெஞ்சையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள். அங்கே உட்கார்ந்து எழுத வேண்டாமா?

"பவளத்துக்கு ஒரு நாற்காலி போடுங்க. இப்படிக்கு, அரசு ஆஸ்பத்திரி" என்று ஆயிரம் நோட்டீஸ் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் போயிற்று. அரசாங்கம் கேட்டு இல்லை என்பார்களா? விடிந்ததும் ஆஸ்பத்திரியில் சனம் திரண்டது. பிளாஸ்டிக் நாற்காலி, மர நாற்காலி, முடிவெட்டுகிற கடையின் சுழல் நாற்காலி, கல்யாண மண்டபத்துச் சிவப்பு வெல்வெட் நாற்காலி என்று கூரை முட்ட அடுக்கிவிட்டுப் போனார்கள். வாசலும் அடைந்துபோயிற்று.

பவளம் வந்து வெளியே நின்றாள். ஊரிலிருந்து திரும்பிய டாக்டரம்மாவும் உள்ளே போக வழியில்லாமல் அவள் பக்கத்திலேயே நின்றார்.

நாற்காலிக் குவியலின் உச்சியிலிருந்து அருணகிரி தலையை மட்டும் நீட்டி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. நாற்காலி நெறைய வந்துட்டதால உக்கார எடமில்ல!"