ஆள்காட்டிக்களம்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். காக்கை முதல் கௌதாரி வரை எல்லாம் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்த நாளில், வாய்விட்டுப் பேசாத ஒன்று உண்டென்றால் அது தரைக்குருவி. மரத்தில் கூடு கட்டத் தெரியாமல் வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடும். சத்தம் போட்டால் நரி வந்துவிடுமே என்று கிசுகிசுத்தே பழகிவிட்டது, பாவம்.

அங்கே ஏரிக்கரையில் ஓர் ஊர். அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்ததும் பிடாரிக்குப் பொங்கல் வைப்பார்கள். அன்றைக்கு யாரும் ஆயுதம் தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. வேலும் வில்லும் கோயிலுக்குள் போய்விடும். நல்ல வழக்கந்தான். அதை அக்கம்பக்கமெல்லாம் பெருமையடித்துக்கொண்டதுதான் தப்பு. எதிரியின் காதுக்கும் போய்விட்டது.

பொங்கலன்று உச்சிவெயிலில் அந்த ஊர்ப் பெண் சடைச்சி, வற்றிய ஏரிக்குள் மாட்டுக்குக் கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், தூரத்துக் கோரைக்குள் குனிந்து குனிந்து ஒரு படை வருகிறது! ஊரோ உண்ட மயக்கத்தில் கிடக்கிறது. பக்கத்தில் தரைக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"குருவி, பறந்து போயிக் கத்தேன்! எம்புள்ள வீட்டுல தூங்குது."

"நான் எந்திரிச்சா எம்முட்டைய மிதிச்சிருவாங்க அக்கா. பொரியப்போற நேரம்."

சடைச்சி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவளும் பெற்றவள்தானே.

"நீ அசையாத ஆத்தா. நானே ஓடுறேன்" என்று அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் முதுகைக் குறிவைத்து ஒருவன் வில்லை வளைத்தான்.

குருவி அதைப் பார்த்துவிட்டது. அதற்குமேல் அதால் பொறுக்க முடியவில்லை. விருட்டென்று எழும்பி அவன் முகத்தில் பாய்ந்து, தொண்டை கிழியக் கத்தியது. அத்தனை நாள் அடக்கி வைத்த குரலல்லவா! ஊரே பதறி எழுந்தது. ஊர்க்கட்டாவது ஒன்றாவது என்று ஆணும் பெண்ணும் கோயில் கதவைத் திறந்து ஆயுதம் எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் எதிரி ஓட்டம் பிடித்தான்.

சடைச்சி ஏரிக்குள் ஓடிவந்தாள். முட்டை இருந்த இடத்தில் வெறும் ஓடுதான் நொறுங்கிக் கிடந்தது. மேலே குருவி சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர்த்தலைவர் மழவராயர் மீசையைத் தடவினார். "இந்த எடத்துக்கு மழவராயன் களம்னு கல்லு நட்டுருவோம்."

"ஐயா, நீங்க எதிரிய வெட்டுனீக. இது பெத்ததயே குடுத்துச்சு" என்றாள் சடைச்சி. "யாரு பேர வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

மழவராயர் பெரிய மனுஷர்தான். மீசையிலிருந்து கையை எடுத்தார். ஆள் வருவதைக் காட்டிய குருவிக்கு ஆள்காட்டி என்று பெயரிட்டார். நடந்த போருக்கும், அந்த ஊருக்கும் ஆள்காட்டிக்களம் என்ற ஒரே பெயர் நிலைத்தது.

அன்று முதல்தான் ஆள்காட்டி, மனுஷ நிழலைக் கண்டாலே வானத்தில் ஏறிக் கத்துகிறது. ஆள்காட்டிக்களத்துக்காரர்களும் ஏர் ஓட்டும்போது அந்தக் குரல் கேட்டால் மாட்டை நிறுத்தி, முட்டை கிடக்கும் இடத்தை விட்டுச் சுற்றி உழுகிறார்கள், கேட்டால் "அது ஆள்காட்டி ஆத்தா பங்கு" என்கிறார்கள்.