முதல் கயிறு

சூரியனைப் படம் பிடிக்கும் தொலைநோக்கியைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும் நிலையம் அது. பலூன் எழும்பும்வரை கயிறு பிடிப்பது கூலியாட்கள் வேலை. போன வருஷம் பலத்த காற்று பலூனை இழுத்துக்கொண்டு போனதில், கயிறு பிடித்திருந்த சங்கிலிமாடன் செத்துப்போனான். "காற்றே இல்லை, ஆளின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடினார் இயக்குநர் வேதாந்தம்.

இந்த வருஷம் அமைச்சர் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. வேதாந்தம் மைக்கும் கையுமாக மைதானத்துக்கு வந்தார்.

"கயிற்றைப் பிடிங்க! இதெல்லாம் ஒரு காற்றா? பிடிக்காதவன் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்."

சங்கிலிமாடனின் தங்கை பிச்சம்மாளும் அந்தக் கூலியாட்களில் ஒருத்தி. அவள் முதல் கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் பணிவாகப் போய் நின்றாள்.

"ஐயா, அமைச்சர் பாக்குறாரு. முதல் கயிற நீங்க பிடிச்சாத்தானே மரியாதை? இடுப்புல கட்டி விடவா?"

வேதாந்தம் துள்ளி விலகினார். "பைத்தியமா உனக்கு? இந்தக் காற்றுல பிடிச்சா ஆளையே தூக்கி அடிச்சிடும்!"

ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்கச் சொன்னது.

"போன வருஷமும் இதே காத்துதான் ஐயா," என்றாள் பிச்சம்மாள்.

அமைச்சர் எழுந்துவிட்டார். "போன வருஷம் என்ன ஆச்சு?"

ஆட்கள் சொன்னார்கள். அன்று பலூன் ஏறவில்லை. மூடிய கோப்பைத் திறக்க உத்தரவாயிற்று.

சாயங்காலம் பிச்சம்மாள் அண்ணன் மனைவியைப் பார்க்கப் போனாள். "அவரு வாயாலயே சொல்லிட்டாரு மதினி. அண்ணன் மேல தப்பில்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு."

அதற்குப் பிறகுதான் மதினி அழுதாள்.