மன்னரின் மணிக்கட்டும் தளபதியின் மணிக்கட்டும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்று யாரும் சொல்லாமல் விட்ட ஒரு நாட்டைத் திடவிக்கிரமர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். பாட்டனார் சுழற்றிய பெரிய கர்லாக்கட்டையைத் தாமும் சுழற்றவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. எடுத்த எடுப்பிலேயே அதைத் தூக்கினார். கட்டை சுழன்றதோ இல்லையோ, மணிக்கட்டு பின்னால் மடங்கி வலி பிடித்துக்கொண்டது. கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டார்.

"சின்னக் கட்டையில் தொடங்குங்கள்" என்று சொன்ன அரண்மனை வைத்தியரை நாடு கடத்தினார்கள். மறுநாள் தளபதி மழவரையர் தம் மணிக்கட்டில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு சபைக்கு வந்தார்.

"வேந்தே, தங்களுக்கு வலிக்கும் இடத்திலேயே அடியேனுக்கும் வலிக்கிறது."

மன்னருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு சபையில் கட்டுப் போடாத கை ஒன்றுதான் மிஞ்சியது. அது விகடகவி கூத்தபிரானுடையது.

தளபதிக்கு அது கண்ணை உறுத்தியது. "வேந்தே, இந்த விகடகவியே வலியைப் போக்கட்டும். ஆனால் தங்கள் திருக்கரத்தைத் தொடக்கூடாது. பயிற்சியை நிறுத்தச் சொல்லக்கூடாது. தாங்கள் செய்வதில் குற்றமும் சொல்லக்கூடாது. முடியாவிட்டால் வைத்தியர் போன வழியே போகட்டும்."

மன்னர் தலையாட்டிவிட்டார். கூத்தபிரான் வீட்டை நினைத்துக்கொண்டார். வீட்டில் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளை எந்தக் காட்டுவழியில் நடத்திக் கூட்டிப்போவது?

விடிந்ததும் பயிற்சிக்களத்தில் போய் நின்றார்.

"வேந்தே, தங்கள் கையை நான் தொடப்போவதில்லை. அதே வலி தளபதியாருக்கும் இருக்கிறதாம். அவர் கைக்கே வைத்தியம் செய்கிறேன். முதலில் அவர் பெரிய கட்டையைச் சுழற்றிக் காட்டட்டும்."

"நியாயம்தானே தளபதியாரே?" என்றார் மன்னர். இல்லை என்றால் போட்ட கட்டு பொய்யாகிவிடும். தளபதி, மன்னரின் பாட்டனார் கட்டையைத் தூக்கினார்.

"ஓய், மணிக்கட்டை ஏன் பின்னால் மடக்குகிறீர்?" என்று கூத்தபிரான் அதட்டினார். "முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் நிற்கட்டும். முதலில் வெறுங்கையை மெல்லச் சுழற்றிப் பதப்படுத்தும். பிறகு சின்னக் கட்டை. வலித்தால் கீழே வைத்துவிடும். பெரிய கட்டை எங்கே ஓடிவிடப்போகிறது?"

பக்கத்தில் நின்ற மன்னரின் மணிக்கட்டு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தளபதியாருக்குத் துணையாக எனக்கும் ஒரு சின்னக் கட்டை கொண்டுவாருங்கள்" என்றார்.

சின்னக் கட்டையைத் தொடுவதைத் தளபதி அவமானமாக நினைத்தார். தினமும் பெரியதையே பிடித்துத் தொங்கினார். சில வாரங்களில் மன்னரின் வலி போன இடம் தெரியவில்லை. தளபதிக்கோ கட்டுக்குள் மணிக்கட்டு நிஜமாகவே வீங்கிக் கிடந்தது.

மன்னர் தம் துணிக்கட்டை அவிழ்த்ததும் சபை முழுவதும் அவிழ்த்தது. கூத்தபிரானுக்குப் பொன்னாடை போர்த்தி, "வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார் மன்னர்.

"வைத்தியரைத் திரும்ப அழையுங்கள் வேந்தே. என் வீட்டில் பிரசவம் நெருங்குகிறது. தளபதியாருக்கும் அவர் தேவைப்படுவார்."

"வைத்தியரை அழைக்கிறேன். ஆனால் தளபதிக்கு எதற்கு? எனக்கு வலி போய்விட்டதே, அவருக்கும் போயிருக்குமே" என்று மன்னர் திரும்பினார்.

தளபதி வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "போய்விட்டது வேந்தே."

மன்னர் எல்லாம் புரிந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியானால் பாட்டனார் கட்டையையும் விகடகவிக்கே பரிசளிக்கிறேன். நீரே அவர் வீடு வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாரும்."

தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையைத் தூக்கினார். முன்னால் நடந்த கூத்தபிரான் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மணிக்கட்டை மடக்காமல் வாரும், தளபதியாரே. மன்னருக்கு வலிக்கும்."