நரிக் குகைக்குள் போன கண்ணிமணி

மஞ்சப்பாறைக் காட்டில் ஒரு முயல் இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். இரண்டும் சரியான வாலுகள்!

அந்தக் காட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், கண்ணி. வேட்டைக்காரர்கள் சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டுப் புல்லுக்குள் மறைத்து வைப்பார்கள். கால் வைத்தால் தீர்ந்தது. இழுக்க இழுக்க இறுகும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது குரங்குதான். சுற்றுலா வந்தவர்கள் தவறவிட்ட செல்போன்களை அது பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தது. வடகம் காயப்போடுவது போல் பாறைமேல் வெயிலில் வைத்தால் போதும், சார்ஜ் ஏறிவிடும்!

மிருகங்கள் சேர்ந்து அந்தப் போன்களுக்கு ஒரு செயலி எழுதின. கண்ணிமணி என்று பெயர் வைத்தன. கண்ணிக்குப் பக்கத்தில் போனால் போன் கிணிகிணி என்று அடிக்கும். அந்தச் செயலியை இயக்கும் நிரலுக்குப் பூட்டே கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம்.

எல்லாம் சரி. எந்தக் கண்ணி எங்கே இருக்கிறது என்று மணிக்குத் தெரிய வேண்டுமே! கண்ணியைப் பார்த்தவர்கள் அதை எழுதிப் போட ஒரு வலைத்தளம் வேண்டும். அதை எங்கே வைப்பது? குளக்கரையில் கூட்டம் கூடியது.

"சாதாரணப் பக்கம் போதும்," என்றது தூக்கணாங்குருவி. "நிரலோடு சேர்த்தே வச்சுக்கலாம். நிரல் யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட பக்கமும் இருக்கும். என் கூட்டில் ஒண்ணு, ஆமையண்ணன் வீட்டில் ஒண்ணு, குரங்கு மரத்தில் ஒண்ணு."

அது காட்டிய பக்கத்தைப் பார்த்து மயில் விழுந்து விழுந்து சிரித்தது. "இது என்ன, காய்ச்சல்காரனுக்கு வச்ச கஞ்சி மாதிரி இருக்கு! ஒரு நிறம் உண்டா? ஒரு ஆட்டம் உண்டா?"

அப்போது நரி எழுந்து நின்றது. குரலில் தேன் வழிந்தது.

"என் குகையில பெரிய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு. அதுல வைங்க. காசே வேண்டாம்! மயிலண்ணன் தோகை பக்கம் பூரா ஆடும். தளத்தோட பெயரையும் என் பேர்லயே பதிஞ்சுடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"குகை என்னோடது. சாவியை உன் முள்ளுலயா மாட்டி வைக்கறது?" என்றது நரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பாதிப் பேர் குருவி பக்கம், பாதிப் பேர் நரி பக்கம். முயல் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதன் குட்டிகளோ ஒன்று குளத்தில் இறங்கப் போனது, இன்னொன்று ஆமையின் முதுகில் ஏறப் போனது.

"எது சீக்கிரம் முடியுமோ அதைப் பண்ணுங்கப்பா! எனக்கு வீட்டில ஆயிரம் வேலை!" என்றது முயல். "நரியண்ணனே வச்சுக்கட்டும்."

அப்படியே ஆனது.

நரி சொன்ன சொல் தவறவில்லை. பக்கத்தில் மயில் ஆடியது. கண்ணியைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். மணி அடித்தது. எல்லோரும் தப்பினார்கள். குருவி காட்டிய பழைய பக்கத்தை எல்லோரும் மறந்தே போனார்கள்.

கோடை வந்தது. புல் காய்ந்தது. நாய்களைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்காரர்கள் அடிக்கடி வர ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலை கௌதாரி போனைத் திறந்தது. பக்கம் வரவில்லை. மயில் ஆடவில்லை. ஒரு பெட்டி மட்டும் வந்தது. 'உன் வீடு எங்கே? வீட்டில் எத்தனை பேர்? சொன்னால் பக்கம் திறக்கும்.'

கௌதாரி நரியிடம் ஓடியது. "என்னண்ணே இது?"

"காலம் கெட்டுக் கிடக்கு தங்கச்சி! யார் வர்றா, யார் போறான்னு தெரிய வேண்டாமா? எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்!"

கௌதாரி வீட்டைச் சொன்னது. பக்கம் திறந்தது.

மறுநாள் முயல் அந்த வழியாகப் போனது. கௌதாரியின் கூட்டில் யாரும் இல்லை. இறகுகளும் நரியின் காலடித் தடமும் மட்டும் கிடந்தன. காற்றில் ஓர் இறகு எழுந்து முயலின் மூக்கில் ஒட்டியது.

வளைக்கு ஓடி வந்து பார்த்தால் குட்டிகளைக் காணோம்! பச்சைப் புல் தேடி ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. பெரிய குட்டியின் கழுத்தில் போன் தொங்கும். தூரத்தில் நாய் குரைத்தது.

முயல் தன் போனைத் திறந்தது. அதே பெட்டி. 'உன் வீடு எங்கே? வீட்டில் எத்தனை பேர்?'

பக்கம் பூட்டிக் கிடந்தால் மணிக்கு எதுவும் தெரியாது. மணி அடிக்காது. அடிக்காவிட்டால் கண்ணி இல்லை என்றுதானே குட்டிகள் நினைக்கும்! துள்ளிக் குதித்துக்கொண்டு வருமே!

சொல்லிவிட்டால் குட்டியின் போனிலும் பக்கம் திறக்கும், குட்டிகள் வீடு வந்து சேரும். ஆனால் வீட்டு வாசலில் நரி நிற்கும்.

ஐயோ, சொல்வதா? வேண்டாமா? விரல் பெட்டிமேல் போனது. மூக்கில் அந்த இறகு இன்னும் ஒட்டியிருந்தது. விரலை எடுத்துவிட்டது முயல்.

ஒரே ஓட்டமாகக் குருவியின் மரத்தடிக்குப் போனது.

"தங்கச்சி! கண்ணிமணி நிரல் உன்கிட்ட இருக்கா?"

"நிரல் இருக்குக்கா. எல்லார்கிட்டயும்தான் இருக்கு. கண்ணி விவரம் மட்டும் நரி குகையில மாட்டிக்கிச்சு. தளத்தோட பெயரும் அவன் பேர்ல இருக்கு."

"பேர் கிடக்கட்டும்! அந்த விவரத்தை எழுதினது யாரு? நரியா?"

குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இல்லக்கா. நாமதான்."

"நாம எழுதினது நமக்கு மறந்தா போச்சு?"

முயல் பின்னங்கால்களால் தரையை ஓங்கி அடித்தது. தம்! தம்! தம்! ஆபத்து என்று காடு முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. நாய்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

"நீங்க பார்த்த கண்ணியை நீங்க சொல்லுங்க. சீக்கிரம்!" என்றது முயல்.

"நாவல் மரத்தடியில," என்றது ஆமை.

"ஓடை வளைவுல, கல்லுக்கு அந்தப் பக்கம்," என்றது முள்ளம்பன்றி.

"புளிய மரத்துக்குப் பின்னாடி இப்பத்தான் புதுசா ஒண்ணு வச்சாங்க. மேலேயிருந்து பார்த்தேன்," என்றது குரங்கு.

மயிலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓர் இடம் சொன்னது. குருவி வெறும் எழுத்தில் எல்லாவற்றையும் எழுதியது. நிறம் இல்லை, ஆட்டம் இல்லை. நிரலில் ஒரு வரியையும் மாற்றியது. இனிமேல் மணி நரிக் குகையைப் பார்க்காது. போனுக்குள் இருக்கும் பக்கத்தையே பார்க்கும்.

போனுக்குப் போன் பக்கம் பரவியது. வாங்கியவர்கள் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். குரங்கு மரத்துக்கு மரம் தாவி ஓடையைக் கடந்தது.

"அடேய் வாலுப் பசங்களா, நில்லுங்கடா!"

குட்டிகள் வளைவை நோக்கித் துள்ளிக்கொண்டிருந்தன. குரங்கு கிளையில் தலைகீழாகத் தொங்கியபடியே பெரிய குட்டியின் போனுக்குப் பக்கத்தைத் தள்ளியது.

கிணிகிணி! கிணிகிணி!

குட்டிகள் அப்படியே உறைந்து நின்றன. முன்னங்காலுக்கு நேரே காய்ந்த புல்லுக்குள் கம்பி பளபளத்தது.

குரங்கு அவற்றைப் பாறை வழியாகச் சுற்றிக் கூட்டி வந்தது. முயல் இரண்டையும் அணைத்து முகர்ந்து பார்த்தது. பிறகு ஆளுக்கொரு அடி வைத்தது!

இருட்டத் தொடங்கியது. குகையில் உட்கார்ந்திருந்த நரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவரும் வீட்டைச் சொல்லவில்லையே! 'பயந்துபோய் எங்கேயோ பதுங்கியிருப்பார்கள். போய்ப் பார்ப்போம்,' என்று போனை எடுத்துக்கொண்டு கிளம்பியது. புளிய மரத்தைச் சுற்றி நடந்தது. மணி அடிக்கவில்லை. தைரியமாக அடுத்த அடி வைத்தது.

சுருக்!

"ஐயோ! மணி அடிக்கலையே! என் மணி அடிக்கலையே!"

கதறல் கேட்டு முயலும் முள்ளம்பன்றியும் ஓடி வந்தன. நரியின் போன் இன்னும் அதன் குகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. புதுக் கண்ணியை அங்கே யாரும் எழுதவில்லை.

முயல் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அது இன்னும் இறுகியது.

"புதுப் பக்கத்துல இந்தக் கண்ணி இருக்கே அண்ணே," என்றது முயல். "அதுக்கு யாரும் பேர் கேட்கல. வீடு கேட்கல. உனக்கும் திறந்துதானே இருந்தது!"

டார்ச் வெளிச்சம் மரங்களுக்கிடையே ஆடியது. நாய்களின் மூச்சு கேட்டது. முயலும் முள்ளம்பன்றியும் புதருக்குள் பாய்ந்தன. நரியின் அலறல் ஒருமுறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அன்றுமுதல் அந்தக் காட்டில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றுக்குக்கூடக் கதவு கிடையாது.

ஆகவே பிள்ளைகளே, எல்லோரும் கூடிச் செய்த பொருளை வேலை மிச்சம் என்று ஒருவர் பூட்டுக்குள் கொடுத்துவிட்டால், அது மிகவும் தேவைப்படும் நாளில் அவர் கேட்டதைக் கொடுத்தால்தான் நமக்குக் கிடைக்கும்.