காரிக்காளையும் முயல் மசாலும்

கிளுவை வேலி சூழ்ந்த ஒரு மேய்ச்சல் காட்டில் பதினோரு மாடுகள் இருந்தன. அவற்றுக்குத் தலைவன் காரி என்ற கறுத்த காளை. காரி படுத்தால் மற்றவை படுக்கும். காரி எழுந்தால் எழும்.

மழைக்காலத்தில் அங்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். மாசி பிறந்துவிட்டால் அதே புல் வைக்கோலாகிவிடும். தின்றால் வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. சித்திரையில் ஒரு லாரி வரும். அதற்குள் எது எலும்பும் தோலுமாகிவிட்டதோ அதை அடிமாடாக ஏற்றிக்கொண்டு போகும். போன மாடு திரும்பியதில்லை.

அந்த மாசியில் செவலை என்ற பசு இளங்கன்றோடு இருந்தது. மடி சுருங்கிக்கொண்டே வந்தது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அப்போதுதான் பண்ணைக்காரர் வடக்குக் காட்டின் வேலிப் படலைத் திறந்துவிட்டார்.

அந்த இடத்தைப் பற்றி மாடுகளுக்கு ஏற்கெனவே குழப்பம். முந்தைய வருஷம் ஐப்பசியில் அவர் ஏதோ விதையைக் கை வைக்க முடியாத சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, அங்கே புல்லுக்கு நடுவே தூவினார்.

"விதைய வேக வெச்சு வெதைக்கறாருங்க," என்று மைனா வந்து சொன்னது.

"வெந்தது எங்க மொளைக்கும்?" என்று காரி சிரித்தது.

முளைத்தது. மூன்று மூன்று இலையாக விட்டு, மஞ்சளாகச் சின்னப் பூ பூத்தது. முயல் மசால் என்று அதற்குப் பெயர். ஆனால் வருஷம் முழுக்க ஒரு மாட்டையும் அவர் உள்ளே விடவில்லை. செடி வேரூன்றி, விதை உதிர்த்துப் பரவட்டும் என்று காத்திருந்தார். அதை மாடுகளுக்கு யார் சொல்வது?

"நல்ல தீனின்னா எதுக்கு ஒரு வருஷம் பூட்டி வெக்கணும்?" என்றது காரி. "யாரும் வாய் வெக்காதீங்க. புல்லு மட்டும் போதும்."

மாடுகள் செடியை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மென்றன. செவலை மட்டும் ஓரமாக நின்று பார்த்தது. ஒரு முயல் அந்தச் செடியை ஆற அமரக் கொறித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அது என்ன செடி?"

"தெரியாதுங்கக்கா."

"தெரியாமயா திங்கற?"

"போன கோடையிலயும் தின்னேன். இந்தக் கோடையிலயும் உங்ககிட்டப் பேசிட்டு இருக்கேன். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

செவலைக்கு இதை நம்புவதா, காரி சொன்னதை நம்புவதா என்று விளங்கவில்லை. ஆனால் கன்று அன்று எழுந்து நிற்கவே இல்லை. செவலை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கடித்தது. கொஞ்சம் சொரசொரப்பு. வேறொன்றுமில்லை. இன்னொரு வாய் கடித்தது.

வாரம் ஒன்று போயிற்று. செவலையின் மடியில் பால் இறங்கியது. கன்று துள்ள ஆரம்பித்தது. அதைப் பார்த்து மந்தையிலிருந்த இரண்டு கிடாரிகளும் திருட்டுத்தனமாகச் செடியைத் தின்றன. காரி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது. தான் சொன்னது தப்போ என்று அதற்கும் லேசான சந்தேகம்.

அந்தச் சமயத்தில் வேலிச் சந்து வழியாக ஒரு காட்டுப்பன்றி நுழைந்தது. முயல் மசால் நின்ற மண் பொலபொலவென்று இருந்தது. தோண்டத் தோண்டப் புழு. பன்றிக்கு ஆசை தாங்கவில்லை. ஆனால் பதினோரு மாடு மேய்கிற இடத்தில் தைரியமாகத் தோண்ட முடியுமா? யோசித்தது. ஒரு செடியை வேரோடு பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு காரியிடம் போயிற்று.

"பெரியவரே, இந்த வேரப் பாருங்க."

வேர் நெடுக மணி மணியாக முடிச்சு இருந்தது.

"என்னது இது?" என்றது காரி.

"கட்டிங்க. சொல்லவே கஷ்டமா இருக்கு." பன்றி ஒரு முடிச்சைப் பல்லால் நசுக்கிக் காட்டியது. உள்ளே சிவப்பாக இருந்தது. "பாத்தீங்களா, ரத்தம்."

உண்மையில் அது நோயே இல்லை. காற்றில் இருக்கும் சத்தை இழுத்துச் செடிக்கும் மண்ணுக்கும் கொடுப்பது அந்த முடிச்சுதான். உள்ளே சிவந்திருந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இது பன்றிக்கும் தெரியாது, காளைக்கும் தெரியாது. பன்றி சொன்னது பொய். ஆனால் காரி பயந்தது நிஜம். தொண்டையில் கட்டி வந்து மூச்சு முட்டிச் செத்த ஒரு மாட்டைக் காரி சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறது.

"எல்லாத்தையும் தோண்டி எறி," என்றது காரி. "ஒண்ணு விடாத."

"உங்களுக்காகப் பண்றேனுங்க," என்றது பன்றி.

செவலை ஓடி வந்தது. "என்னங்கண்ணா இது? நான் தின்னேனே. எனக்குக் கட்டி ஏதும் இல்லையே."

"இன்னும் வரல."

"பால் வந்துதுங்களே."

"கட்டியில இருந்து வந்த பாலு, புள்ளே. அதையா கன்னுக்குக் குடுக்கற?"

செவலை குனிந்து தன் மடியைப் பார்த்தது. பாலே நோயாக இருக்குமோ? கன்று வந்து முட்டியபோது முதன்முறையாக அதை உதறிவிட்டு நகர்ந்தது. கன்று புரியாமல் பின்னாலேயே வந்தது. செவலைக்கும் ஒன்றும் புரியவில்லை. நாக்கு ஒன்று சொன்னது, மடி ஒன்று சொன்னது, தலைவன் ஒன்று சொன்னான்.

நாலு நாளில் வடக்குக் காடு குழி குழியாயிற்று. பாறை ஓரத்தில் பன்றியின் மூக்கு இறங்கவில்லை. அங்கே மட்டும் கொஞ்சம் செடி மிஞ்சியது. செவலை மறுபடி வைக்கோலுக்குத் திரும்பியது. மடி வற்றியது. கன்று படுத்தது.

ஐந்தாம் நாள் செவலை பாறை ஓரமாக நடந்தபோது சட்டென்று நின்றது. காடெங்கும் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்க, மிஞ்சிய செடிகளை ஒட்டி நின்ற புல் மட்டும் அடித்தூரில் பச்சையாக இருந்தது. செவலை காரியிடம் திரும்பி வந்தது. பன்றியும் அங்கேதான் குழிக்குள் இருந்தது.

"அண்ணா, ஒரு சந்தேகங்க. அது நோய்ச்செடின்னா பக்கத்துல நிக்கற புல்லுக்கு ஏன் நோய் ஒட்டல? அதுதானுங்க இந்தக் காட்டுலயே பச்சையா நிக்குது."

காரி பாறைப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"ஏம்ப்பா," என்று செவலை பன்றியைக் கேட்டது. "அந்த மண்ணு கெட்ட மண்ணுன்னா அதுல புழு எப்படிக் கொழுக்குது? அந்தப் புழுவத் தின்னு நீ எப்படிக் கொழுக்கற?"

"நான் பன்னிங்க. எனக்கு எதுவும் ஒண்ணும் செய்யாது," என்றது பன்றி.

"அந்த வேரையும் சேத்துத்தான தின்ன?"

"ருசியா இருந்துதுங்க," என்று சொல்லிவிட்டுப் பன்றி நாக்கைக் கடித்துக்கொண்டது. பிறகு வேலிச் சந்துப் பக்கம் ஒரே ஓட்டம்.

எல்லா மாடுகளும் காரியைப் பார்த்தன. காரி தரையைப் பார்த்தது.

"எனக்குக் கொழப்பமா இருக்கு," என்றது. "ஆனா ஒரு தடவ வேண்டாம்னு சொல்லிட்டேன். சொன்னதே நானு. நானே போய் எப்படி வாய் வெக்கறது?"

"நான் வெக்கறேனுங்க," என்றது செவலை.

எல்லோர் எதிரிலும் பாறை ஓரம் போய்ச் செடியையும் புல்லையும் சேர்த்துத் தின்றது. கிடாரிகள் பின்னால் போயின. மற்ற மாடுகள் காரியைப் பார்த்தன, செடியைப் பார்த்தன, மறுபடி காரியைப் பார்த்தன. கடைசியில் பசி ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று. இருந்தது கொஞ்சம் செடிதான். காடு முழுக்க இருந்திருந்தால் எல்லாம் வயிறாரத் தின்றிருக்கும். தினம் ஆளுக்கு நாலு வாய் கிடைத்தது. அந்த நாலு வாய்ப் பச்சை சேர்ந்ததும் வைக்கோலும் கொஞ்சம் உடம்பில் ஒட்டியது. செவலையின் கன்று எழுந்து நின்றது.

காரி மட்டும் கடைசிவரை வைக்கோலையே மென்றது.

சித்திரையில் லாரி வந்தது. பண்ணைக்காரரும் வியாபாரியும் ஒவ்வொரு மாட்டின் விலாவையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். செவலையிடம் நின்றார்கள். கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நகர்ந்தார்கள். காரியிடம் வந்ததும் வியாபாரி அதன் இடுப்பெலும்பைப் பிடித்து ஆட்டினார். பண்ணைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினார்.

லாரிப் பலகையில் ஏறும்போது காரி திரும்பிப் பார்த்தது.

"செவலை, அந்த முடிச்சு என்னன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்லைங்கண்ணா. எனக்கும் தெரியல."

"தெரியாமத்தான் தின்னியா?"

"கன்னு எந்திரிச்சுதுங்கண்ணா. அது தெரிஞ்சுது."

காரி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பலகையைத் தூக்கி மாட்டிவிட்டார்கள்.

தெரியாததற்குப் பயப்படுவதில் தவறில்லை; பயந்ததாலேயே அதை வேரோடு அழிக்கிறவன், அது செய்கிற நன்மையையும் சேர்த்தே அழிக்கிறான்.