தீர்ப்பு முடியாம எந்திரிக்கக் கூடாது

மொச்சக்குளம், மொச்சக்குளம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க செவனம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். கொஞ்சம் ஆடு, கீழமடைத் தண்ணி பாயுற ஒரு துண்டு கத்திரித் தோட்டம், அவ்வளவுதான் அவ சொத்து.

அந்த ஊருல ஒரு கட்டுப்பாடு. சாவடியில கூட்டம் கூடிட்டா, தீர்ப்பு சொல்லி முடியுற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா அன்னையிலருந்து அவங்க பேச்சு சபையில எடுபடாது. நாட்டாமை வீரபத்திரன் இருக்காரே, அவரு இத நல்லாப் புடிச்சு வெச்சுக்கிட்டாரு. வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து உக்காந்து, கொள்ளுத்தாத்தா குதிரையேறின கதைய இழுப்பாரு. அவரு இழுக்க இழுக்க, அடுப்புல ஒலை வெச்சுட்டு வந்தவ நெளிவா, கன்னுக்குட்டிய அவுத்துவிட்டு வந்தவன் நெளிவான். ஏய், கதை கேக்குற நீ ஏண்டா நெளியுற, உன்னையா சொன்னேன்? அப்புறம் சட்டுன்னு விஷயத்தப் போட்டு, "என்ன, சரிதானே?"ம்பாரு. விட்டாப் போதும்னு எல்லாரும் "சரி சரி"ம்பாங்க.

இப்படித்தான் மொதல் கூட்டத்துல ஊருப் பொது மேய்ச்சல் நெலமான மந்தை அவருக்குப் போச்சு. ஆடு என்ன ஆச்சோன்னு தவிச்சு செவனம்மாவும் சரின்னுட்டா. ரெண்டாங் கூட்டத்துல கெணத்துப் பாதை போச்சு. அதுக்கும் சரின்னுட்டு, வீட்டுக்கு வந்து தன்னையே திட்டிக்கிட்டா. மூணாங் கூட்டத்துல கீழமடைய அடைக்கப் போறாருன்னு முன்னாலேயே ஊருக்குள்ள பேச்சு, அவரு மேட்டு வயலுக்குத் தண்ணி பத்தலையாம். அடைச்சா கத்திரி கருகும், பிள்ளைங்க வயிறு காயும். அவளுக்கு இருப்புக் கொள்ளல.

கூட்டத்தன்னிக்குக் காலையில ஆடுகள அவுத்துவிட்டா. "நீங்க மேயுற எடத்த நாந்தான் சரின்னு சொல்லித் தொலைச்சுட்டேன். இன்னிக்கு எங்க வேணாலும் போங்க"ன்னுட்டு, சாவடியில வந்து உக்காந்துட்டா.

நாட்டாமை இழுத்தாரு, இழுத்தாரு, இழுத்தாரு. அப்புறம், "கீழமடைய அடைச்சிரலாம். என்ன, சரிதானே?"ன்னாரு.

எல்லாரும் வாயத் தொறக்குறதுக்குள்ள செவனம்மா, "ஐயா, ஒரு சந்தேகம். உங்க கொள்ளுத்தாத்தா குதிரை என்ன நெறம்?"னு கேட்டா.

பக்கத்துல இருந்த பிள்ளக்காரி, "சும்மா இருடி, வீட்டுல பிள்ளைக்குப் பால் குடுக்கணும்"னு கிள்ளினா. செவனம்மாவுக்கும் காலு பரபரங்குது. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"செவப்பு. சரிதானே?"

"அதுக்குப் பேரு என்னங்கய்யா?"

அப்பத்தான் நாட்டாமை கண்ணு வெளிய போச்சு. சாவடிக்கு எதுத்தாப்புல அவரோட கடலக்காடு. அதுல ஆடு. செவனம்மா ஆடு மட்டுமா, மந்தை இல்லாம அலைஞ்ச ஊரு ஆடு பூராவும் அதுங்க பின்னாலயே எறங்கிருச்சு.

"யாராவது போய் வெரட்டுங்கப்பா."

"தீர்ப்பு முடியலையேய்யா, எப்படி எந்திரிக்கிறது?"ன்னு சபை சொல்லுச்சு.

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க, சரிதானே? சரிதானே?"

எல்லாரும் நல்லாச் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. இப்ப யாருக்கும் அவசரமில்ல.

"குதிரைக்கு என்னங்கய்யா தீனி?"ன்னா செவனம்மா.

ஆடு கொடியப் பிடுங்குது, கடலையக் கொறிக்குது. நாட்டாமை நெளியுறாரு, துண்டப் பிசையுறாரு, அப்புறம் பொறுக்க மாட்டாம எந்திரிச்சு ஓடியே போயிட்டாரு.

"மடை தொறந்தே கெடக்கட்டும். மந்தையும் பாதையும் ஊருக்கே திரும்பட்டும். சரிதானே?"ன்னு செவனம்மா கேட்டா. ஊரு நெதானமா "சரி"ன்னுச்சு.

நாட்டாமை மூச்சு வாங்க வந்து, "நான் இல்லாம என்ன தீர்ப்பு?"ன்னாரு.

"நீங்கதான் எந்திரிச்சிட்டீங்களேய்யா, இனிமே உங்க பேச்சு எடுபடாது"ன்னுட்டு, அந்தப் பிள்ளக்காரி பால் குடுக்க வீட்டப் பாத்து நடந்துட்டா.

அவசரத்துல சரின்னு சொல்லக் கூடாது கண்ணுங்களா. ஆடு பட்டிக்குப் போச்சு, தண்ணி தோட்டத்துக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.